விண்டோஸ் வரவில்லையா? மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் செங்கோட்டை, புளியரை, கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரியின் கணக்கு லேப்டாப்பாக இருந்தாலும் சரி, குளத்துப்புழை எஸ்டேட் பக்கத்துப் பிள்ளையின் படிப்பு லேப்டாப்பாக இருந்தாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எளியது முதலில், சிக்கலானது பின்னால்.

படிக்க நேரமில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேர்) கெட்டதால் ஃபைலை இழந்தவர்களைவிட, அவசரப்பட்டு ஃபார்மட் அடித்ததால், அதாவது டிஸ்க்கைத் துடைத்ததால், இழந்தவர்கள்தான் அதிகம்.

"ஆன் ஆகுது, லைட் எரியுது, ஆனா விண்டோஸ் வரமாட்டேங்குது. ஓ.எஸ். போயிருச்சா?"

திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனி லோகோகூட வராமல் இருட்டாகவே இருந்தால் பெரும்பாலும் அது ஓ.எஸ். கோளாறு இல்லை. ரேம், டிஸ்ப்ளே, மதர்போர்டு என்று ஏதோ ஒரு பாகத்தில் பிரச்சினை. லோகோ வந்து, அதற்குப் பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, நீலத் திரை வந்தாலோ, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வந்தாலோ ஓ.எஸ். பக்கம் சந்தேகப்படலாம்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் இரண்டில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை, அல்லது டிஸ்க் இருக்கிறது, அதில் விண்டோஸை எழுப்பிவிடும் பூட் பகுதி கெட்டுவிட்டது. ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே மெஷின் ஓட்டும் அமைப்புத் திரைக்குள்) போய், டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் விண்டோஸை எத்தனை தடவை போட்டாலும் பிரயோஜனமில்லை. இன்னொன்று, ஏதாவது பென் டிரைவ் செருகி இருந்தால் எடுத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். பூட் வரிசையில் பென் டிரைவ் முதலில் இருந்தால் சில மெஷின்கள் அதிலேயே நின்றுவிடும்.

"ஓ.எஸ். போச்சுன்னா போட்டோ, கணக்கு எல்லாமும் போச்சா?"

போகவில்லை. விண்டோஸ் எழும்பாவிட்டாலும், டிஸ்க் நன்றாக இருந்தால் உங்கள் ஃபைல்கள் அதே இடத்தில்தான் இருக்கும். அவற்றை வெளியே எடுக்க விண்டோஸ் ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை. உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அப்படியே திறக்கும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் வேண்டியதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொள்ளலாம்.

லினக்ஸ் கைவசம் இல்லையா? இன்னொரு வழி இருக்கிறது. ரிப்பேர் திரையில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்ன ஜன்னலே ஃபைல் மேனேஜர் மாதிரி வேலை செய்யும். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகியிருக்கிற பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு ஆயிற்று என்று எதுவும் காட்டாது, உறைந்துபோன மாதிரி இருக்கும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் ப்ராஜெக்ட், கல்யாண போட்டோ மாதிரி கொஞ்சம் ஃபைல்களுக்கு இதுவே போதும்.

"கடையில ஃபார்மட் அடிக்கணும்னு சொல்லிட்டாங்க. சரின்னு சொல்லட்டுமா?"

உடனே சொல்லாதீர்கள். ஃபார்மட் என்பது கடைசி வேலை. டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று சோதித்தார்களா, பேக்கப் எடுத்தார்களா, எந்த டிரைவை அடிக்கப்போகிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். 'சி டிரைவ் மட்டும்தான், டி டிரைவ் அப்படியே இருக்கும்' என்பார்கள். நம் ஆட்களின் முக்கியமான ஃபைல்களில் பாதி சி டிரைவில்தான் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி-க்குள்தான்.

வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா டெஸ்க்டாப்பில் கண்ணுக்குத் தெரியாது. பழைய டாலி இ.ஆர்.பி. 9 என்றால் பொதுவாக சி டிரைவில் டாலி ஃபோல்டருக்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். டாலி ப்ரைம் என்றால் யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டர்களுக்குள் இருக்கும். பில் போடுகிற வேறு சாஃப்ட்வேர் வைத்திருந்தால் அதன் டேட்டா எங்கே சேமிக்கப்படுகிறது என்று போட்டுக் கொடுத்தவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஓ.எஸ். நன்றாக இருக்கும்போதே கேட்பதுதான் நல்லது. பேக்கப் எடுத்தோம் என்று சொன்னால், அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

"சாரல் நேரத்துல கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அதுல இருந்துதான் இப்படி. அதனாலயா?"

நிறைய பேருக்கு அதனால்தான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். திடீரென்று மின்சாரம் போனால் எழுதுவது பாதியில் நின்றுவிடும். அப்டேட் போய்க்கொண்டிருந்த நேரமாக இருந்தால் இன்னும் மோசம். பழைய ஃபைல் பாதி, புதிய ஃபைல் பாதி என்று இரண்டும் கலந்த நிலையில் மாட்டிக்கொள்ளும். லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் தப்பிக்கலாம். பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரிலேயே ஓட்டுகிறவர்களுக்கும், யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்புக்கும்தான் அடி அதிகம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலச் சீசன் காற்றிலும், ஐப்பசி, கார்த்திகை இடி மழையிலும் பெரிய அப்டேட்டை யு.பி.எஸ். இல்லாமல் ஓட விடாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்க வசதி உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் துலா மாதத்தில் (நம் ஐப்பசி) மதியத்துக்கு மேல் இடி இறங்கும். அப்போது யு.பி.எஸ். மட்டும் போதாது, ப்ளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கேபிள் வழியாக வரும் அடி மதர்போர்டையே கொண்டுபோய்விடும்.

அப்டேட் ஒரே சதவீதத்தில் நிற்கிறதே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறவர்களும் உண்டு. ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். காத்திருங்கள்.

"தானா ரிப்பேர் பண்றேன்னு வருது, திரும்ப அதே வருது. நிக்கவே மாட்டேங்குது."

விண்டோஸ் அடுத்தடுத்து எழும்ப முடியாமல் தோற்றால் ரிப்பேர் திரை தானாக வரும். வராவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் வரவழைக்கலாம். அங்கே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் பல வழிகள் இருக்கும். எந்த வரிசையில் போவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் முதலில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. புதிய பிரிண்டர் டிரைவரோ சாஃப்ட்வேரோ போட்ட பிறகு வந்தது என்றால் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. இது உங்கள் போட்டோ, டாக்குமெண்டைத் தொடாது. சாஃப்ட்வேரையும் டிரைவரையும் மட்டும் பழைய தேதிக்குக் கொண்டுபோகும். ஆனால் ரீஸ்டோர் பாயிண்ட் முன்பே உருவாகி இருந்தால்தான் கைகொடுக்கும். எதனால் என்றே தெரியவில்லை என்றால் 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' வழியாக சேஃப் மோடில் போய்ப் பாருங்கள். சேஃப் மோடில் நன்றாக ஓடினால் விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது, மேலே ஏற்றிய டிரைவர் ஏதோ ஒன்றுதான் தகராறு செய்கிறது. அதே திரையில் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை இப்போது தொடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

"யூட்யூப்ல கறுப்புத் திரையில ஏதேதோ அடிக்கச் சொல்றாங்க. அடிக்கலாமா?"

என்ன செய்கிறது என்று தெரிந்து அடித்தால் நல்ல மருந்து. விண்டோஸ் எழும்புகிறது, ஆனால் தொங்குகிறது, மெனு திறக்கவில்லை என்றால் இரண்டு கட்டளைகள். முதலில் டிஸ்ம், அதில் 'ரீஸ்டோர் ஹெல்த்' என்ற பகுதி. பிறகு எஸ்.எஃப்.சி., அதில் 'ஸ்கேன் நவ்'. டிஸ்ம் என்பது விண்டோஸ் தன் சொந்த உதிரி ஃபைல்களை வைத்திருக்கும் கிடங்கைச் சரிசெய்கிறது. எஸ்.எஃப்.சி. அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக் கெட்ட ஃபைலை மாற்றுகிறது. கிடங்கே கெட்டிருந்தால் எஸ்.எஃப்.சி. மட்டும் அடித்துப் பயனில்லை. டிஸ்முக்கு இன்டர்நெட் வேண்டும்.

விண்டோஸே எழும்பவில்லை, பூட் பகுதிதான் கெட்டது என்றால் வீடியோக்களில் 'பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்' அடிக்கச் சொல்வார்கள். பழைய பயாஸுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. என்ற முறையில் பூட் ஆகும் புதிய மெஷின்களில் அது பெரும்பாலும் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று திருப்பி அனுப்பும். அங்கே வேலை செய்வது பி.சி.டி.பூட் என்ற கட்டளை. பூட் ஃபைல்கள் இருக்கும் சின்ன இ.எஃப்.ஐ. பகுதிக்கு டிஸ்க்பார்ட் மூலம் ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டு இதை அடித்தால், விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதிக் கொடுக்கும்.

ரிப்பேர் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் சி என்று நினைப்பது அங்கே டி ஆக இருக்கலாம். உள்ளே என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அடியுங்கள். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்ற சொல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது டிஸ்க்கின் பார்டிஷன் (சி, டி என்று பிரித்த பகுதிகள்) முழுவதையும் துடைத்துவிடும்.

"கெட்டது ஹார்ட் டிஸ்க்கா, விண்டோஸான்னு எப்படித் தெரியும்?"

புதிதாக விண்டோஸ் போட்டும் ஒரு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஃபோல்டர் திறக்க ஒரு நிமிடம் ஆவது, காப்பி பாதியில் நிற்பது, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருவது எல்லாம் சாகப்போகும் டிஸ்க்கின் அடையாளம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் மஞ்சளோ சிவப்போ வந்தால், ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், ரிப்பேரை நிறுத்திவிட்டு ஃபைலை எடுப்பதுதான் வேலை. இந்த நிலையில் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே விழுந்துவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்து, நீலத் திரை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொன்னால் ரேமைப் பாருங்கள். இங்கே மாதக்கணக்கில் ஈரக்காற்று அடிக்கிறது, ரேமின் பொன்னிற முனைகளில் படலம் படியும். மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியை விலக்கி, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த முனையை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பச் செருகினால் 'ஓ.எஸ். போயிடுச்சு' என்று வந்த பல மெஷின்கள் எழுந்துவிடுகின்றன.

"ரீசெட், ரிப்பேர் இன்ஸ்டால், ஃப்ரெஷ் இன்ஸ்டால், மூணும் ஒண்ணா?"

மூன்றும் வேறு. விண்டோஸ் ஓரளவு எழும்புகிறது என்றால் ரிப்பேர் இன்ஸ்டால்தான் சிறந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. ஃபைலை (விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே அதைத் திறந்து, செட்டப்பை ஓட்டி, 'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாலி, பிரிண்டர், ஃபான்ட் எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸ் மட்டும் புதிதாகும். இவ்வளவு நல்ல வழியைக் கடைகள் ஏன் அதிகம் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். நேரம் பிடிக்கும் என்பதுதான் காரணம்.

ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் யூசர் ஃபோல்டரில் உள்ளவை இருக்கும், போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் பெயரிலேயே இருக்கிறது. அங்கே 'கிளவுட் டவுன்லோட்' கேட்டால் சுமார் 4 ஜி.பி. இறங்கும், மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். ஃப்ரெஷ் இன்ஸ்டால் எல்லாவற்றையும் துடைத்துப் போடுவது. வைரஸ் அடித்த மெஷினுக்கும் புதிய டிஸ்க்குக்கும் அதுதான் சரி.

"பூட்டபிள் பென் டிரைவ் ரெடி பண்ணிட்டேன். அதுல இருந்து பூட் ஆகமாட்டேங்குது."

ஐ.எஸ்.ஓ. ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் கொண்டு எழுத வேண்டும். பென் டிரைவ் குறைந்தது 8 ஜி.பி. இருக்கட்டும், அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு விசை உண்டு. பூட் மெனுவில் பென் டிரைவின் பெயர் யு.இ.எஃப்.ஐ. என்ற முன்சொல்லோடு ஒரு தடவையும், அது இல்லாமல் ஒரு தடவையும் காட்டினால், பழைய விண்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள்.

"இன்ஸ்டால் பண்ணப் போனா டிரைவே காட்டல. இன்னொண்ணுல டிரைவ் காட்டுது, ஆனா போட முடியாதுங்குது."

முதல் பிரச்சினை பெரும்பாலும் இன்டெலின் 11-ஆம் தலைமுறை ப்ராசசர் முதல் வந்த லேப்டாப்புகளில். வி.எம்.டி. என்ற அமைப்பு ஆன் ஆகி இருந்தால், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் செட்டப்புக்கு டிஸ்க் தெரியாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். பயாஸில் வி.எம்.டி.யை அணைத்தும் போடலாம். ஆனால் பழைய விண்டோஸைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றால் அணைக்க வேண்டாம், அந்த விண்டோஸ் 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டும்.

இரண்டாவது, டிஸ்க்கின் பிரிப்பு முறையும் பூட் முறையும் பொருந்தாததால் வருவது. யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் செய்தால் டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்க வேண்டும், பழைய லெகசி முறைக்கு எம்.பி.ஆர். வேண்டும். டிஸ்க்கில் வேண்டிய ஃபைல் இருந்தால் அழித்து மாற்ற வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன பூட் மெனுவில் மற்ற வகையைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் தீரும்.

"பாதி இன்ஸ்டால் ஆகி எர்ரர் நம்பர் காட்டி நிக்குது."

0எக்ஸ்80070570, 0எக்ஸ்8007025டி மாதிரி எண் வந்தால் ஃபைலைச் சரியாகப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று பொருள். வேறு பென் டிரைவில் ஐ.எஸ்.ஓ.வைப் புதிதாக இறக்கி எழுதிப் பாருங்கள், யு.எஸ்.பி. துளையையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வந்தால் ரேம், டிஸ்க் சோதனைதான்.

"ஏதோ 48 நம்பர் கேக்குது. நான் எந்தப் பாஸ்வேர்டும் போடலையே?"

இது பிட்லாக்கர், டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு. இப்போது வருகிற விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே போனாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சாதாரணமாக உங்களுக்குத் தெரியாது. பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்டாலோ, 'இது பழைய மெஷின்தானா' என்று சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறு ஃபோனில் அந்தக் கணக்கில் நுழைந்து, ரிகவரி கீ பகுதியில் பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐ.டி.யும் கணக்கில் உள்ள ஐ.டி.யும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து அடியுங்கள். சிக்கல் என்னவென்றால், நம் பக்கத்தில் லேப்டாப்பை முதல் நாள் ஆன் செய்து கொடுத்தது கடைக்காரராகவோ, இப்போது கல்ஃபில் இருக்கும் மகனாகவோ இருக்கும். யாருடைய மெயில் ஐ.டி.யில் போட்டார்கள் என்பதே மறந்துபோயிருக்கும். முதலில் அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சாவி கிடைக்கவே இல்லை என்றால் அந்த ஃபைல்களை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஃபார்மட் அடித்து லேப்டாப்பை மட்டும்தான் மீட்கலாம்.

"ஓ.எஸ். புதுசா போட்டா விண்டோஸ் கீ திரும்ப வாங்கணுமா?"

விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் வேண்டாம். கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆனால் எடிஷன் பொருந்த வேண்டும். இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்புகள் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' எடிஷனோடு வருகின்றன. அதில் கடைக்காரர் 'ப்ரோ' போட்டுவிட்டால் ஆக்டிவேட் ஆகாது. அப்போது ஆக்டிவேட்டர் என்ற ஒன்றை ஓட்டுவார்கள். வைரஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்லித்தான் அது ஓடும். பேங்க் பாஸ்வேர்டும் ஜி.எஸ்.டி. லாகினும் உள்ள மெஷினில் அதை ஓட்ட விடாதீர்கள். உங்களுக்கு உரிமையுள்ள எடிஷனையே போடச் சொல்லுங்கள்.

"ஃபார்மட்டுக்கு அப்புறம் தமிழ் ஃபைல், மலையாள ஃபைல் எல்லாம் ஏபிசிடியா தெரியுது. ஃபைல் கெட்டுப்போச்சா?"

ஃபைல் கெடவில்லை, ஃபான்ட் போய்விட்டது. பத்திரம் எழுதுகிறவர்களும் டி.டி.பி. கடைக்காரர்களும் இன்னும் வானவில், பாமினி ஃபான்ட்களில் அடிக்கிறார்கள். மலையாளத்தில் எம்.எல். டி.டி. கார்த்திகா, ரேவதி. இவை யூனிகோடுக்கு முந்தியவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருப்பவை. ஃபான்ட் இல்லாத மெஷினில் அடியில் உள்ள ஆங்கில எழுத்தே தெரியும். அதே ஃபான்டைத் திரும்பப் போட்டால் எழுத்து திரும்ப வரும்.

அதனால் பேக்கப் எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாகக் காப்பி எடுங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானவில் மாதிரி விசைப்பலகை சாஃப்ட்வேர் இருந்தால் அதன் இன்ஸ்டால் ஃபைலும் வேண்டும். புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடிக்கப் பழகினால் இந்தத் தொல்லை வராது. விண்டோஸ் 10-க்கு 2019-இல் வந்த மே அப்டேட்டிலிருந்து தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. மலையாளத்துக்கும் விசைப்பலகை உள்ளேயே உண்டு. தனியாக எதுவும் போட வேண்டியதில்லை.

"மாமா துபாய்ல இருந்து கொண்டுவந்தது. திரை முழுக்க அரபி. ரிப்பேர் இன்ஸ்டால் பண்ணா இங்கிலீஷுக்கு வருமா?"

ரிப்பேர் இன்ஸ்டாலில் மொழி மாறாது. அரபி விண்டோஸின் மேல் இங்கிலீஷ் ஐ.எஸ்.ஓ.வை ஓட்டினால் 'ஆப்களை வைத்துக்கொள்' என்ற வாய்ப்பே மங்கிவிடும். முதலில் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் இங்கிலீஷைச் சேர்த்துப் பாருங்கள். சிங்கிள் லாங்குவேஜ் எடிஷன் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. அந்த எடிஷன்தான் என்றால் பேக்கப் எடுத்துவிட்டு, அதே எடிஷனை இங்கிலீஷில் ஃப்ரெஷ்ஷாகப் போட வேண்டும்.

"பிள்ளையோட ஸ்கூல் லேப்டாப்பு, லினக்ஸு. கறுப்புத் திரையில இனிட்ராம்எஃப்எஸ்-னு எழுதி நிக்குது."

கேரளப் பள்ளிகளில் அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். லேப்டாப் பள்ளிக்குச் சொந்தமானது என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பள்ளியின் ஐ.டி. கோ-ஆர்டினேட்டர் டீச்சரிடம் கொடுங்கள். அதில் விண்டோஸ் போட்டுத் தரும்படி கடையில் கேட்பது கூடவே கூடாது.

சொந்த லேப்டாப் என்றால் பயப்பட வேண்டாம். இது பெரும்பாலும் மின்சாரம் போனதால் வந்த ஃபைல் சிஸ்டம் கோளாறு. 'எக்ஸிட்' என்று அடித்தால், எந்தப் பார்டிஷனில் பிரச்சினை என்று திரையே சொல்லும். எஃப்.எஸ்.சி.கே. என்ற கட்டளை, ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு ஒய், ஓர் இடைவெளி, பிறகு திரையில் காட்டிய பார்டிஷன் பெயர் அப்படியே. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். முடிந்ததும் 'ரீபூட்'. பெரும்பாலானவை எழுந்துவிடும். அடிக்கடி இதே வந்தால் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும்.

"இடம் வேணும்னு விண்டோஸ்ல இருந்து லினக்ஸ் பார்டிஷனை அழிச்சேன். இப்ப 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு நிக்குது."

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவற்றில் இது நிறைய நடந்தது. கிரப் என்பது எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்கும் வாசல். அதன் ஃபைல்கள் லினக்ஸ் பார்டிஷனில் இருந்தன, அதை அழித்ததால் வாசலில் நிற்கிறது. விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. யு.இ.எஃப்.ஐ. மெஷின் என்றால் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பயாஸில் அதையே முதலில் வைத்துவிடுங்கள். பழைய லெகசி மெஷின் என்றால் விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' அடிக்க வேண்டும். யு.இ.எஃப்.ஐ.யில் திணறும் பூட்ரெக் இங்கே சரியாக வேலை செய்யும்.

"தினமும் ஆன் பண்ணா தேதி பழசுக்குப் போகுது. சில நாள் பூட்டும் ஆகல."

மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பேங்க் தளங்கள் பாதுகாப்பில்லை என்று தடுக்கும். பயாஸ் அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடுவதால் பூட் முறை மாறி விண்டோஸ் எழும்பாமல் போகலாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் முறையைச் சரிசெய்தால் தீர்ந்தது. இதற்கெல்லாம் ஓ.எஸ். போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"விண்டோஸ் 10 நின்னுபோச்சாமே. கெட்ட மெஷின்ல திரும்ப எதைப் போடுறது?"

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. மெஷின் ஓடுவது நிற்காது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசசர் வேண்டும். அதற்கு முந்தைய மெஷினில் குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறவர்கள் உண்டு. பின்னால் பெரிய அப்டேட் வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்பதால் கடைக் கணக்கு மெஷினுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். படிப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் மட்டும் என்றால் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய தமிழ் ஃபான்ட் என்று இருந்தால் வேறு மெஷினுக்கு மாறுவதே நல்லது.

"தெரியாம ஃபார்மட் அடிச்சாச்சு, பேக்கப் இல்ல. இனி ஏதாவது வழி இருக்கா?"

முதலில் மெஷினை அணையுங்கள். எந்த சாஃப்ட்வேரும் இறக்காதீர்கள், ரிகவரி சாஃப்ட்வேர்கூட அதே டிஸ்க்கில் போடக்கூடாது. ஃப்ரெஷ் இன்ஸ்டாலில் ஃபார்மட் அடிக்காமல், பழைய பார்டிஷன் மேலேயே போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டர் இருக்கும். பழைய யூசர் ஃபோல்டர் அதற்குள் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த ஃபோல்டரை விண்டோஸ் சில நாட்களில், வழக்கமாகப் பத்து நாட்களில், தானே அழித்துவிடும். அதனால் இன்றைக்கே காப்பி எடுங்கள்.

அது இல்லை, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. 'குயிக் ஃபார்மட்' பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கிறது, மேலே புதிதாக எழுதப்படாத இடத்தில் இருந்த ஃபைல் அங்கேயே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேரில் தேடலாம். ஃபைல் பெயர் பல சமயம் திரும்ப வராது, போட்டோ வரும். எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்மட் ஆனதும் 'ட்ரிம்' என்ற கட்டளை மூலம் காலி இடத்தை அதுவே துடைக்கத் தொடங்கிவிடும். அப்போது ஃபோன், வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, மெயிலின் அனுப்பிய பெட்டி, ஒன்டிரைவ், கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் போன டாலி பேக்கப் என்று வெளியே போன பிரதிகளைத் தேடுங்கள். பாதிக்கு மேல் அங்கிருந்தே திரும்பக் கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.